பத்து வருட உத்தரவாதம்

ஆண்டர்சன்பேட்டை,
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஷோபா அக்காவுக்கு,

எலைன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம். மடத்துச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போன மாதம் இருமல் என்று எழுதியிருந்தாயே, நின்றதா?

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. நீ முதல் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகும்வரை வீட்டுக் கவலை எதுவும் உன் காதுக்கு வரக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் அவர்கள் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மடத்தில் போன் தரமாட்டார்கள் என்பதால் கடிதம்தான் வழி. பதிலை வீட்டுக்குப் போடாதே. மாரிகுப்பத்தில் என் வகுப்புத் தோழி சுனிதாவின் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

மாரிகுப்பம் சுரங்க லைன் வீட்டை விட்டு இந்தப் புது வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஹாலின் கிழக்கு மூலையில், தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் ஒரு விரிசல். வந்த புதிதில் தலைமுடி மாதிரி இருந்தது. இப்போது என் ஸ்கேலின் நுனி உள்ளே போகிறது. அறைக்குள் அப்பா படுப்பதால் நானும் அம்மாவும் அந்த உத்தரத்துக்கு நேர் கீழேதான் படுக்கிறோம். சில நேரம் மேலே ஏதோ முறிகிற மாதிரி சத்தம் கேட்கும். அம்மா தூங்குகிற மாதிரி இருப்பாள். ஆனால் அவள் மூச்சு நின்று நின்று வரும்.

வீடு மந்திரித்த அன்று, வீட்டைக் கட்டிய கம்பெனிக்காரர்கள் சாவியோடு ஒரு உத்தரவாதப் புத்தகம் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஃபாதர் சாவிமேல் தீர்த்தம் தெளித்தபோது அதன்மேலும் தெளித்தார். உறைகூடப் பிரிக்காமல் அப்பா அதை மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், "பத்து வருஷம் கேரண்டி கீது, அங்க பாரு" என்று படத்தைக் காட்டுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. எடுத்துப் பார்க்க எனக்குப் பயம்.

எனக்காக ஜெபம் செய். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
எலைன்


கன்னியர் மடம், திண்டிவனம்,
5 செப்டம்பர் 2024

என் எலைன் குட்டிக்கு,

ஆண்டவரின் சமாதானம் உன் பக்கத்தில் இருக்கட்டும். இருமல் போய்விட்டது. இங்கே எங்களுக்குக் காய்கறித் தோட்ட வேலை. கையெல்லாம் கொப்புளம், மனசு லேசாக இருக்கிறது. வருகிற, போகிற கடிதங்களை எங்கள் பொறுப்பாளர் மரியகுழந்தை சிஸ்டர் பிரித்துப் பார்ப்பார். அது இங்கே சட்டம். நீ பயப்படாதே, அவர் நல்லவர்.

விரிசலுக்காகவா இத்தனை பயம்? லைன் வீட்டில் நாம் விரிசல் இல்லாத சுவரைப் பார்த்ததுண்டா? பூமிக்கு அடியில் பழைய சுரங்கத்தில் பாறை வெடிக்கும்போதெல்லாம் கரி அடுப்புப் பாத்திரம் குலுங்கும். அப்பா, "ஏர் பிளாஸ்ட்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார். மறுநாள் பேப்பரைக் கூழாக்கி விரிசலில் அடைப்பார். நீ அதில் கோலப்பொடி பூசுவாய்.

ஆனாலும் இது விலைக்கு வாங்கிய வீடு. கம்பெனிக்குச் சொல்லும்படி அப்பாவிடம் சொல். புத்தகம் கொடுத்தது அதற்குத்தானே. அம்மாவை எதிர்த்து எதுவும் பேசாதே. பத்தாம் வகுப்புப் பாடத்தைப் பார்.

அன்புடன்,
ஷோபா


ஆண்டர்சன்பேட்டை,
13 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கைக் கொப்புளம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

நீ சொன்னதை நானே யோசித்த மாதிரி அம்மாவிடம் சொல்ல, அம்மா அப்பாவிடம் சொல்ல, அவர் கம்பெனிக்குப் போன் செய்தார். நேற்று ரூபேஷ் என்ற இன்ஜினியர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சின்ன டார்ச். அப்பா பெருமையாகப் பேக்டரி யூனிபார்மிலேயே நின்றார். பழைய லைனிலிருந்து சைலஸ் மாமாவும் வந்திருந்தார். ரூபேஷ் விரிசலில் விரலை வைத்துப் பார்த்தார். முகம் சரியில்லை. தூணின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து கேட்டார்: "இது எப்போ ஆச்சு சார்?"

"எப்பன்னு இன்னாத்த சொல்றது சார்?" என்றார் அப்பா. "நம்ம ஊர்ல இது சகஜம். ஏர் பிளாஸ்ட்டு."

ரூபேஷ் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டார். "ஹௌதா? அப்டியா? ஏர் பிளாஸ்ட்டா? சொல்லுங்க சார், கேக்கறேன்."

சைலஸ் மாமாவுக்கு இது போதாதா. "இன்னா தம்பி அப்டி கேட்டுட்ட? நான் சொரங்கத்துல அடி லெவல்ல நின்னவன். ஒரு தபா வந்திச்சி பாரு, ஷாஃப்ட்ல ஆளு எறங்கற கேஜே ஊஞ்சலாட்டம் ஆடிச்சி. மேல வந்து பாத்தா எங்க வூட்டுக்கு ஒரு பக்கம் செவுரே இல்ல. எம் பொண்டாட்டி அடுப்பாண்ட குந்திகினு கீறா, ரோட்ல போறவன்லாம் இன்னா கொழம்புன்னு கேட்டுகினு போறான்!"

"இவன் கொழம்பு ஊத்தாம வுட்டானா கேளு" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். ரூபேஷும் சிரித்துக்கொண்டே போனில் பதிவு செய்தார். இரண்டாவது டீ கேட்டு வாங்கிக் குடித்தார். கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதி, "நீங்க சொன்னதுதான் சார், ஓனர் ஸ்டேட்மெண்ட்" என்று நீட்டினார். அப்பா கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் அப்பா சொன்னார், "தங்கமான பையன். நம்ம கதைய இவ்ளோ நேரம் எவன் கேட்டான்?"

அக்கா, அவர் டார்ச்சை அணைத்த பிறகு அந்த மூலையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டீ கொடுத்த நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன்,
எலைன்


ஆண்டர்சன்பேட்டை,
20 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் அப்பாவும் சுகம். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. உன்னிடமிருந்து பதில் இல்லை. தோட்ட வேலை அதிகமோ?

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அப்பாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். சேதம் சுரங்க அதிர்வால் ஏற்பட்டதாக உரிமையாளரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால், அது உத்தரவாதத்தில் சேராதாம். மறுபரிசீலனை வேண்டுமென்றால் உரிமையாளர் ஆறு மாதத்துக்குள், வெளி இன்ஜினியர் ஒருவரின் அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டுமாம்.

மாதா படத்துக்குப் பின்னால் இருந்து புத்தகத்தை எடுத்து உறையைப் பிரித்தேன். அகராதி வைத்துப் படித்தேன். அதில் ஒன்றும் மறைத்து எழுதவில்லை அக்கா. தூண், உத்தரம், தளம் இதெல்லாம் பத்து வருடம். தண்ணீர்க் கசிவு இரண்டு வருடம். குழாய், சுவிட்சு ஒரு வருடம். அடுத்த பக்கத்திலேயே எதற்கெல்லாம் கிடையாது என்று இருக்கிறது: நிலநடுக்கம், வெள்ளம், சுரங்க அதிர்வு, வீட்டுக்காரர் தாமே செய்கிற மாற்றம். கட்டும்போது செய்த தவறு என்றால் அவர்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். பூமி அசைந்தது என்றால் நம் செலவு. ரூபேஷ் ஏன் சிரித்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

"அப்பா, அந்த மாசம் ஒரு அதிர்வும் வரலையே. நாமளாதானே ஏர் பிளாஸ்ட்டுன்னு சொன்னோம்" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. சாப்பிடும்போது இடது பக்கம் மெல்ல முடியவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

மரியகுழந்தை சிஸ்டர், நீங்கள் இதைப் படித்தால் தயவுசெய்து அம்மாவுக்குப் போன் செய்யாதீர்கள்.

எலைன்


கன்னியர் மடம், திண்டிவனம்,
29 நவம்பர் 2024

என் எலைனுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. நான் சுகம்.

உனக்கு வந்த காய்ச்சல் எனக்குத் தெரியும். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்கும் வந்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவரிடம் கேள்வி கேட்காதே. இதற்குமேல் இங்கே எழுத முடியவில்லை.

படுக்கையை அந்த மூலையிலிருந்து நகர்த்து. அம்மாவை எப்படியாவது இழுத்துப் படுக்கவை.

ஞாயிறு முதல் திருவருகைக் காலம். கிறிஸ்துமஸ் முடியும்வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது.

ஷோபா


ஆண்டர்சன்பேட்டை,
2 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருட வாழ்த்து. எல்லோரும் சுகம். வாயும் சரியாகிவிட்டது. மடத்தில் கிறிஸ்துமஸ் எப்படி?

அப்பா இந்த வருடம் கிறிஸ்துமஸ் குடிலை அந்த மூலையில் வைத்தார். வழக்கமாக ஸ்டூல் உயரம்தான் இருக்கும். இப்போது மேஜைமேல் மேஜை போட்டு, உத்தரம்வரை பச்சைத் தாள் மலை. வந்தவர்கள் எல்லாம் "அந்தோணி வூட்டுக் குடிலுன்னா குடிலு" என்று புகழ்ந்தார்கள்.

கேரல் குழுவில் நானும் போனேன். எங்கள் லேஅவுட்டில் மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டிலும் வீடு வீடாகப் பாடினோம். இல்லாவிட்டால் ஒருவர் வீட்டு ஹாலை ஒருவர் பார்க்கவே முடியாது. நம் வீடு இருக்கிற கீழ் வரிசையில், முதல் வீட்டின் கிழக்கு மூலையில் ஃபிரிட்ஜை நிறுத்தியிருந்தார்கள். அங்கே பிளக் பாயிண்டே இல்லை. ஒயரை அறைக்குள்ளிருந்து இழுத்திருந்தார்கள். அடுத்த வீட்டில் கதவளவு காலண்டர். பார்வதம்மா ஆன்ட்டி கேரலுக்குக் காணிக்கை கொடுத்து உள்ளே கூப்பிட்டார்; அங்கே அதே மூலையில் முருகன் படம், அதற்குமேல் தளம்வரை பட்டுச் சேலை. மேல் வரிசையில் அந்த மூலை எல்லா வீட்டிலும் வெறுமையாக இருந்தது.

சைலஸ் மாமா டிரம் அடித்துக்கொண்டு வந்தார். "இன்னாடி, பாட்டப் பாடாம மூலைய மூலைய மொறச்சிகினு வர?" என்றார். சொன்னேன். அவர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"இந்தக் கீழ் வரிசை முன்ன பெரிய பள்ளம்மா. லாரி லாரியா மண்ணக் கொட்டி ரொப்புனாங்க. ரொப்பன கையோட தூண எழுப்பிட்டான். மேல் வரிச பாறமேல நிக்குது."

"அன்னிக்கே ஏன் மாமா சொல்லல?"

"அவன் ஏர் பிளாஸ்ட்டு கேட்டான், சொன்னேன். பள்ளத்தப் பத்தி எவன் கேட்டான்?"

அக்கா, இது பூமி அசைந்து வந்ததில்லை. கம்பெனி செய்த தவறு. எல்லா வீட்டுக்காரரும் சேர்ந்து எழுதினால் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் ஒருவர்கூட வாயைத் திறக்கமாட்டார்கள். விரிசல் இருப்பது தெரிந்தால் யார் வாங்குவார்கள், யார் வாடகைக்கு வருவார்கள்?

அப்பாவும் அதைத்தான் யோசிக்கிறார். பூசி, பெயிண்ட் அடித்து, வீட்டை லீஸுக்கு விட்டுவிட்டு நாம் மாரிகுப்பம் லைன் வீட்டுக்கே போகலாம் என்கிறார். லீஸ் என்றால் மொத்தப் பணத்தை முன்பே வாங்கிக்கொள்வது. மாத வாடகை இல்லை. "ஊர்ல எல்லா செவுரும் விரிஞ்சிதான் கீது. எவன் செத்தான்?" என்றார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஷோபாவுக்கு எழுதிடாதடி" என்றாள். நான் தலையாட்டினேன்.

என்ன செய்யட்டும்? எழுது.

எலைன்


கன்னியர் மடம், திண்டிவனம்,
20 ஜனவரி 2025

என் எலைனுக்கு,

நான் சுகம். எல்லோரையும் ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மார்ச்சில் உனக்குப் பொதுத்தேர்வு. அது முடியும்வரை வாயைத் திறக்காதே. லைன் வீட்டுக்குப் போவது நல்லதுதான். நீயும் அம்மாவும் அந்த உத்தரத்துக்குக் கீழே படுக்க வேண்டியதில்லை. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

மார்ச் ஐந்தாம் தேதி தவக்காலம் ஆரம்பம். ஈஸ்டர்வரை எங்களுக்குக் கடிதம் தரமாட்டார்கள். வந்தாலும் பிரிக்காமல் வைத்திருப்பார்கள்.

ஷோபா


மாரிகுப்பம்,
9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இது உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் சுகம்.

நாங்கள் லைன் வீட்டுக்கு வந்துவிட்டோம். புது வீட்டை லீஸுக்கு எடுத்தவர்கள் பெயர் அனில், தேவிகா. அவர் தினமும் ரயிலில் பெங்களூரு போய் வருகிறார். தேவிகா அக்கா வீட்டில் இருக்கிறார். அப்பா வீட்டைச் சுற்றிக் காட்டியபோது நானும் போனேன். கிழக்கு மூலை வழவழவென்று சந்தன நிறத்தில் இருந்தது. அப்பா அதன்மேல் கையை வைத்தே, "பத்து வருஷம் கேரண்டி கீது, ஒம்போது வருஷம் பாக்கி" என்று உத்தரவாதப் புத்தகத்தையும் கையில் கொடுத்தார். தேவிகா அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நேற்று தண்ணீர் மோட்டார் சாவியைக் கொடுக்கப் போனேன். அவர்களுக்கு ஆறு மாதக் குழந்தை இருக்கிறது. ஹாலில் உத்தரத்துக் கொக்கியில் தூளி கட்டியிருக்கிறார்கள். அந்த உத்தரம்தான் அக்கா. வேறு கொக்கி வீட்டில் இல்லை. தேவிகா அக்கா காலால் தூளியை ஆட்டிக்கொண்டே பீன்ஸ் நறுக்கினார். ஆடும்போதெல்லாம் நான் மேலே பார்த்தேன். "இன்னாம்மா, ஃபேன் வேணுமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

தேர்வு முடியும்வரை வாயைத் திறக்காதே என்று நீ சொன்னாய். கணக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

எலைன்


மாரிகுப்பம்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். அப்பா சுகம். தேர்வு முடிந்தது.

முடிந்த அன்று யூனிபார்மிலேயே தேவிகா அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். பள்ளம், தூண், பூச்சு, கம்பெனிக் கடிதம் எல்லாம். அவர் தூளியிலிருந்து குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் அனில் அண்ணன் லைன் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார்.

அப்பா கோபப்படவே இல்லை. சிரித்தார். "பரிட்ச பயம் சார். நைட்டெல்லாம் முழிச்சி முழிச்சிப் புத்தி பேதலிச்சிப் போச்சி. நீங்களே கேளுங்க" என்று என்னைக் கூப்பிட்டார். எல்லோரும் புது வீட்டுக்குப் போனோம். அப்பா என் தோள்மேல் கை வைத்திருந்தார். அவர் கட்டைவிரல் எங்கே இருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது.

"சொல்லுமா. பொய்தான சொன்ன?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொய் சொன்னேன்" என்றேன். "மன்னிச்சிடுங்க" என்றும் சொன்னேன்.

அனில் அண்ணன், "சின்னப் பொண்ணு, வுடுங்க சார்" என்றார். நான் தேவிகா அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. தூளி அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குக் காய்ச்சல். இந்தத் தடவை நாள் ஆகும் போல.

எலைன்


கன்னியர் மடம், திண்டிவனம்,
21 ஏப்ரல் 2025

என் எலைனுக்கு,

ஈஸ்டர் பூசை முடிந்ததும் மரியகுழந்தை சிஸ்டர் உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கையில் கொடுத்தார். பிரிக்காமலே கொடுத்தார். படித்துவிட்டு அவரிடமே நீட்டினேன். அவர் படித்து முடித்துத் தன் அறையிலிருந்த போனை என் பக்கம் தள்ளினார்.

அம்மாவோடு பேசினேன். "எல்லாம் நல்லாத்தான் கீது, நீ உன் வேலையப் பாரு" என்றாள். பின்னால் அப்பா இருமினார். அதற்குமேல் நான் என்ன கேட்பது?

வாயைத் திறக்காதே என்று உனக்கு எழுதிய கை இதுதான். அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். வீடு பதிவு செய்த அன்று நானும் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்திருந்தேன். பெண் பெயரில் வாங்கினால் பேங்க் வட்டி குறைவு என்று பத்திரத்தை அம்மா பெயரில்தான் எழுதினார்கள். அப்பா சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டார். அப்படியானால் ரூபேஷ் எழுதி வாங்கிய தாளில் உரிமையாளர் கையெழுத்தே இல்லை. உரிமையாளர் பிலோமினா இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆறு மாதக் கெடு மே மாதம்வரை இருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு மே மூன்றாம் தேதிதான் விடுப்பு. போனால் என் பயிற்சி ஒரு வருடம் தள்ளிப்போகும். போகட்டும். ஆனால் எனக்காகக் காத்திருக்காதே. திரும்பவும் தேவிகாவிடம் போ. தூளியை அவிழ்க்கச் சொல். இந்தக் கடிதத்தைக் காட்டு.

உன் அக்கா,
ஷோபா


ஆண்டர்சன்பேட்டை,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

விலாசத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. நானும் அம்மாவும் இங்கே தேவிகா அக்காவின் அடுப்படியில் இருக்கிறோம். அம்மா தூங்குகிறாள். உண்மையாகவே தூங்குகிறாள்.

வெள்ளிக்கிழமை உன் கடிதத்தோடு வந்தேன். தேவிகா அக்கா கதவைத் திறந்தார். ஹாலில் தூளி இல்லை. அடுப்படியில், பரண் கம்பியில் கட்டியிருந்தது.

"நீ வந்து சொன்னப்பகூட நான் பாதிதான் நம்புனேன்" என்றார். "பொய் சொன்னேன்னு சொன்ன பாரு, அப்ப முழுசா நம்பிட்டேன். பொய் சொன்ன பொண்ணு அப்டி நடுங்குமா? எங்க வூட்லயும் ஒரு அப்பா இருந்தாரு."

அனில் அண்ணன் தன் ஆபீசிலிருந்து ஒரு இன்ஜினியரை ஏற்கெனவே கூட்டிவந்து காட்டியிருக்கிறார். தூண் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, ஹாலில் யாரும் நடமாடக்கூடாது, பின்பக்கம் மட்டும் பாறைமேல் இருக்கிறது என்று அவர் அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறார். லீஸ் பணம் முழுக்க அப்பாவிடம். வேறு வீடு பார்க்க அவர்களுக்கு வழியில்லை. அதனால் மூன்று பேரும் அடுப்படியிலேயே இருந்திருக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் தேவிகா அக்காவும் நானும் குழந்தையோடு மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போய் நின்றோம். அம்மா பெங்களூரு கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து ரயிலை விட்டு இறங்கினாள். எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அக்கா, வூடு உங்க பேர்ல. கையெழுத்து அவரு போட்டது. அது செல்லாது" என்றார் தேவிகா அக்கா.

"தெரியும்மா. நான் போட்டா என்ன உயிரோட வுடுவாரா?"

அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தேவிகா அக்கா பேனா தேடுவதற்காகக் குழந்தையை அவள் மடியில் வைத்தார். பை முழுக்கத் தேடினார். ரொம்ப நேரம் தேடினார். குழந்தை அம்மாவின் ரயில் பாஸ் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

"இவன் எங்க தூங்கறான்?" என்று அம்மா கேட்டாள்.

"அடுப்பாண்ட."

அம்மா பெஞ்சின்மேல் கம்பெனிக்கு எழுதிய மனுவை வைத்து எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். ரயில் காலியாகி, விளக்கெல்லாம் அணைத்துவிட்டார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. "இனிமே நான் எப்டிமா லைனுக்குப் போவேன்?" என்றாள்.

"வாங்க. உங்க வூட்டுக்கே போலாம்" என்றார் தேவிகா அக்கா.

இன்று இருட்டுகிற நேரத்தில் அப்பா வந்தார். அனில் அண்ணன் இல்லை. மனுவைக் கம்பெனியில் கொடுக்க அறிக்கையோடு பெங்களூரு போயிருக்கிறார், நாளை அங்கேதான் ஆபீஸ் திறக்கும். அப்பா முன்கதவைத் தட்டினார்.

"பிலோமினா, தொற. என் வூடு இது."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்படியில் இருந்தபடியே, அந்த ஆள் இல்லாத ஹாலைத் தாண்டிக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்: "லீஸுக்கு வுட்ட வூடு இது. குடியிருக்கறவங்க சொன்னாத்தான் தொறக்கணும்."

"காலைல வாங்கண்ணா. கொழந்த தூங்குது" என்றார் தேவிகா அக்கா.

அப்பா கதவை உதைத்தார். இரண்டாவது தடவை உதைத்தபோது ஹாலுக்குள் ஏதோ உடைந்து விழுந்தது. சந்தன நிறப் பூச்சு, உள்ளே இருந்த சிமெண்டு, எல்லாம் தரையில் சிதறியது. புழுதி அடுப்படிவரை வந்தது. குழந்தை எழுந்து அழ ஆரம்பித்தது.

உதைப்பது நின்றுவிட்டது. அவர் திரும்ப அந்தக் கதவைத் தொடவில்லை. உள்ளே எது விழும் என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் அக்கா. ரொம்ப நேரம் வாசலில் நின்றார். பிறகு செருப்புச் சத்தம் ரோட்டுப் பக்கம் போனது.

நாங்கள் சுகம் என்று எழுதலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "எழுது" என்றாள்.

நீ வரும்போது மாரிகுப்பம் போகாதே. ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கி நேராக இங்கே வா. முன்கதவைத் தட்டாதே, பின்பக்கம் வா. பகலில் வா. ஹாலில் மட்டும் கால் வைக்காதே.

உன்,
எலைன்